செல்லம்மையின் சுவரும் வெலிங்டன் புகைபோக்கியும்

எங்கள் சமஸ்தானத்து நிவாரண விதியில் குழப்பம் எதுவும் கிடையாது. தீ, வெள்ளம், பெருங்காற்று இவற்றில் ஒன்றால் ஏழையின் வீடு இடிந்தால், அந்தப் பகுதியின் வருவாய்க் காரியங்களைப் பார்க்கும் பார்வத்தியகாரர் தாமதமின்றி நேரில் வர வேண்டும். சாட்சிகள் முன்னிலையில் மகசர் எழுதி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். மேலிடம் உதவியை அனுமதிக்கும். அதுவரை இடிந்தது இடிந்தபடியே கிடக்க வேண்டும். ஒரு கட்டியை நகர்த்தினாலும் உதவி கிடையாது. தாலுக்காக் கச்சேரி உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் இந்த விதியைப் பிறருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். நிலநடுக்கம் என்ற சொல் அதில் எங்கும் இல்லை. எழுதியவர்களுக்குத் திருவிதாங்கூர் மண்ணின் பேரில் அவ்வளவு நம்பிக்கை.

மண் அந்த நம்பிக்கையை ஒரு பங்குனிக் காலையில் கெடுத்தது. பென்ஷன்காரனுக்குரிய நிதானத்தோடு நான் ஆப்பம் தின்றுகொண்டிருந்தேன். டம்ளர் மேஜையில் தானாக இரண்டு விரற்கடை நகர்ந்தது. கோழிகள் ஒரே சமயத்தில் வாயை மூடின. ஒரு தும்மல் போடும் நேரம்தான். பாறசாலைச் சந்தியில் பெரிய லாரி போயிருக்கும் என்று பலரும் நினைத்தார்கள். அடுத்த வளவில் 'தொம்' என்று ஒரு சத்தம் கேட்ட பிறகுதான் லாரி அல்ல என்று தெரிந்தது.

அடுத்த வளவு செல்லம்மையுடையது. புருஷன் இறந்தபின் இரண்டு பெண்மக்களை வைத்துக்கொண்டு, சந்தியிலுள்ள சாயாக் கடைகளுக்கு ஆப்பமும் புட்டும் செய்து கொடுத்துப் பிழைப்பவள். நான் தின்ற ஆப்பமும் அவள் சுட்டதுதான். அவளுடைய அடுக்களையின் பின்சுவர் வெளிப்பக்கமாகச் சாய்ந்து, உண்ட மயக்கத்தில் படுத்தவனைப் போலப் படுத்துக் கிடந்தது. மண்சுவர். மண் ஆடியபோது அது தன் சாதிசனத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டது. கூரை தூண்களின் மேல் இருந்ததால் தப்பியது. ஆனால் அடுப்பு அந்தச் சுவரை ஒட்டித்தான் இருந்தது. இடவப்பாதி மழை வந்தால் சாரல் நேராக அடுப்பில் விழும். அடுப்பு அணைந்தால் அந்த வீட்டில் எல்லாம் அணைந்த மாதிரிதான்.

பார்வத்தியகாரர் வந்தார். நல்ல மனிதர், அநியாயத்துக்கு நேர்மை. சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"அண்ணாச்சி, நான் அந்நேரம் நெய்யாற்றின்கரை பஸ்ஸில இருந்தேன்" என்றார் என்னிடம். "பஸ்ஸு ஆடிச்சு. ஆனா அந்த பஸ்ஸு எப்பவும் ஆடுமே. பூமி ஆடிச்சுதுண்ணு நான் எப்படி எழுதி ஒப்பு வைப்பேன்?"

பெருங்காற்று என்று எழுதிவிடலாமே என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். அன்று ஒரு இலை அசையவில்லை. செல்லம்மையே அதை ஒப்பவில்லை.

"காத்துண்ணா கூரையில்லா போவணும்? கூரை நிக்கிது, சுவரு போயிருக்கு. எந்தக் காத்து குனிஞ்சு வந்து அடிக்கும்?" என்றாள்.

ஆகவே அவள் சார்பில் நான் மனு எழுதினேன். நிலநடுக்கத்தையும் விதியில் சேர்த்துப் பொருள்கொள்ள வேண்டும் என்பதற்கு ஆறு காரணங்கள் காட்டினேன். ஏழாவதும் இருந்தது, அடக்கத்தின் காரணமாக விட்டுவிட்டேன். மனு தமிழில் இருந்தது. அந்த நாட்களில் எங்கள் தாலுக்காவில் அது சாதாரணக் காரியம் அல்ல. தமிழ் பேசும் தாலுக்காக்களைச் சென்னை மாகாணத்தோடு சேர்க்க வேண்டும் என்று கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தது. எங்களுடையது போகுமா இருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. தமிழ் மனுவுக்குப் பதில் எழுதினால் இங்கே தமிழர் இருப்பதாக மேலிடமே ஒப்புக்கொண்ட ஆவணமாகிவிடும். திருப்பி அனுப்பினால் அநீதிக்கு ஆவணமாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. பதில் எழுதாமல் காகிதத்தைக் கட்டி வைத்துவிடுவது.

இதற்குள் சுவர் பிரபலமாகிவிட்டது. முதலில் தமிழ்க் கட்சி இளைஞர்கள் வந்தார்கள். தமிழச்சியின் சுவர் விழுந்து ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று மேடையில் பேசப் போவதாகவும், அதுவரை சுவரை எடுத்துக் கட்ட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்கள். மறுநாள் மறுகட்சிக்காரர்கள் வந்தார்கள். மனுவை மலையாளத்தில் கொடுத்தால் ஒரே வாரத்தில் ஆள் வரும் என்றார்கள். செல்லம்மைக்கு இரண்டு பாஷையும் வாயில் சரிசமமாகப் புரளும். இரு தரப்புக்கும் ஒரே பதில் சொன்னாள்.

"விழுந்தப்போ தொம்முண்ணு கேட்டுது மக்கா. அது தமிழா மலையாளமாண்ணு எனக்குத் தெரியல்ல."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "அப்போ நான் மண்ணைத் தொடாண்டாமா அண்ணாச்சி?"

விதிப்படி கூடாது என்றேன்.

"சரி, விதி சொல்லிச்சுண்ணா தொடல்ல. மழைகிட்ட யாரு போய்ச் சொல்லுவா?"

இந்த நிலையில்தான் தங்கையன் முதலாளி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பூவாறு பக்கத்தில் கயிற்றுப் பாய் நெய்வித்துக் கப்பலேற்றுகிறவர். நியூசிலாந்து தேசத்துக்குப் போன அவருடைய பாய்க்கட்டுகளை வெலிங்டன் சுங்கத்தில் நிறுத்தி வைத்துவிட்டார்கள். காரணம் கேட்டு எழுதிய கடிதங்களுக்கு, ஆட்சேபகரமான ஒரு பொருள் காணப்பட்டது என்று மட்டும் பதில்.

"பிள்ளைவாள், ஒமக்கு நடைமுறை அத்துப்படியாக்கும். ஒரு நடை போயிட்டு வாரும்" என்றார், ஏதோ பெருங்கடவிளைச் சந்தைக்கு அனுப்புவது போல.

சென்னைக்கு அப்பால் போயிராத நான், அவர் சார்பில் பேச அதிகாரம் தரும் முக்தியார் பத்திரத்தோடு கப்பலேறினேன்.

கப்பலில் பெரும்பாலும் கிரேக்கர்கள். ஆஸ்திரேலியாவில் குடியேறப் போகிறவர்கள். என் மேஜையில் சாப்பிட உட்கார்ந்தவர் ஸ்பைரோ, ஒரு தீவில் செருப்புக் கடை வைத்திருந்தவர். முந்தைய வருஷத்து நிலநடுக்கத்தில் அந்தத் தீவில் நிற்கிற வீடு என்று சொல்லும்படி அதிகம் மிஞ்சவில்லையாம். எனக்கு இறைச்சி வேண்டாம் என்பதும் அவருக்கு என் இறைச்சி வேண்டும் என்பதும் முதல் வேளையிலேயே தெரிந்துபோனதால் உடனே நண்பர்களானோம்.

நிவாரணம் எப்படி நடந்தது என்று உத்தியோக அக்கறையோடு விசாரித்தேன். அவருடைய அரைகுறை ஆங்கிலத்திலிருந்து எனக்கு விளங்கியது இது: "முதலில் அந்நிய தேசத்துப் போர்க்கப்பல்கள் வந்தன. தண்ணீரும் ரொட்டியும் கொடுத்தன. அப்புறம் படம் பிடிக்கிறவர்கள். அப்புறம் எங்கள் பெயர்களை எழுதிக்கொள்கிறவர்கள். அவர்கள் ரொம்பப் பேர் வந்தார்கள். என் பெயரை எத்தனையோ முறை எழுதினார்கள். கூடாரத்தில் ஒரு குளிர்காலம் இருந்து பார்த்தேன். பெயர் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தது. நான் கிளம்பிவிட்டேன்."

எங்கள் ஊரில் பெயரையே இன்னும் எழுதவில்லை என்றேன். "அப்படியானால் உங்களுக்கு நம்பிக்கை மிச்சமிருக்கிறது" என்று சொல்லி என் தட்டிலிருந்த ஆட்டுக்கறியை எடுத்துக்கொண்டார். ஆஸ்திரேலியக் கரையில் இறங்கியவர், கையசைப்பதற்குப் பதிலாக ஒரு எலும்பை உயர்த்திக் காட்டினார்.

வெலிங்டனில் முதல் நாள் காற்று என்னை வரவேற்றது. துறைமுகத்தில் கால் வைத்ததும் குடையைப் பிடுங்கிக்கொண்டு போனது. வேட்டி வேண்டாம் என்று எச்சரித்திருந்தார்கள், நல்ல காலம். ஆனால் என் கால்சட்டையைத் தைத்தவர் நெய்யாற்றின்கரையில் போலீசாருக்குத் தைக்கிற தையற்காரர். இரண்டு கால்களிலும் காற்றுப் புகுந்து, பாய்மரக் கப்பலைப் போல நான் விரும்பாத திசைகளிலெல்லாம் போய்ச் சேர்ந்தேன். விலாசம் விசாரித்த கிழவர், காற்று எதிர்ப்பக்கம் அடிக்கும்வரை காத்திருந்தால் தானாகவே போய்விடலாம் என்றார். சிரிக்காமல் சொன்னார்.

ஊர் முழுவதும் செங்குத்தான மலை. எங்கள் பக்கத்துப் பனச்சமூட்டு ஏற்றங்களைச் செங்குத்தாக நிமிர்த்தி, நுனிவரை பலகை வீடுகளை ஆணியடித்து மாட்டியது போல இருக்கும். ஆம், பலகை வீடுகள். இவ்வளவு பணக்காரத் தேசத்தில் ஏன் பெட்டிக்கடை மாதிரி வீடு கட்டுகிறார்கள் என்று இரண்டு நாட்கள் அவர்களுக்காக இரக்கப்பட்டேன்.

நான் தங்கிய வீட்டின் சொந்தக்காரி திருமதி ஹாரிஸ் தனியாக வாழ்கிற பெரியவள். நான் இறைச்சி தின்னமாட்டேன் என்றதும் இது என்ன வியாதி என்று கேட்டாள். குடும்ப வழக்கம் என்றேன். பரம்பரை வியாதி என்று புரிந்துகொண்டு மிகவும் அனுதாபப்பட்டாள். அன்று இரவு காய்கறி சூப் கொடுத்தாள். மணம் சந்தேகமாக இருந்தது.

"இறைச்சியே கிடையாது" என்று உறுதி கூறினாள். "வெறும் எலும்புதான்."

அதன்பின் உருளைக்கிழங்கு, ரொட்டி, வெண்ணெய், மறுபடியும் உருளைக்கிழங்கு.

அங்கே வாசலில் பால் புட்டிக்குப் பக்கத்தில் காசை வைத்துவிட்டுத் தூங்கப் போகிறார்கள். காலையில் பால் இருக்கிறது, காசு போயிருக்கிறது. எங்கள் ஊரில் இரண்டும் போயிருக்கும், புட்டியும் போயிருக்கும், யார் எடுத்தது என்பதில் இரண்டு கட்சி உண்டாகியிருக்கும். ஆனால் அவர்களுடைய மதுக்கடைகள் மாலை ஆறு மணிக்குச் சட்டப்படி மூடப்படும். ஐந்தரைக்கு அந்தக் கதவுகளில் முண்டியடிக்கிற கூட்டத்தைப் பார்த்தபோதுதான், இவர்களும் நம்மைப் போல மனிதர்கள்தான் என்ற ஆறுதல் ஏற்பட்டது.

சுங்கத்துக்குப் போனேன். முக்தியார் பத்திரம், பட்டியல்கள், முன்மாதிரித் தீர்ப்புகள் எல்லாவற்றையும் பரப்பினேன். சிவந்த முகமுள்ள அதிகாரி அவற்றைத் தொடாமல், இழுப்பறையைத் திறந்து ஆட்சேபகரமான பொருளை எடுத்து மேஜையில் வைத்தார். சுருங்கிய வெற்றிலைச் சுருளும் பாதிப் பாக்கும் இருந்த ஒரு சிறு துணி மடிப்பு. பூவாறில் யாரோ பாய்க்கட்டைக் கட்டும்போது இடுப்பிலிருந்து விழுந்திருக்கிறது.

"இது என்ன விதை?" என்றார்.

தாம்பூலத்தின் தன்மை, பண்பாடு, சுங்கச் சட்டத்தில் அதன் நிலை ஆகியவற்றைப் பற்றி விரிவாகப் பேசத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தினார். "முளைக்குமா?"

"முளைக்காது. மென்று துப்புவதற்கு."

"சரி." மடிப்பை அடுப்பில் போட்டார். பாய்களுக்குப் புகை போட்டுவிட்டு விடுவிக்கிறேன் என்றார். அவ்வளவுதான். கடல் கடந்து வந்த காரியம் ஒரு வெற்றிலை போடும் நேரத்தில் முடிந்தது. எனக்கு வந்த ஏமாற்றத்தைச் சொல்லி முடியாது. மேல்முறையீட்டுக்கு இடமே வைக்காமல் அனுகூலமாகத் தீர்ப்பளிப்பது ஒருவகைக் கொடுமை.

திரும்பும் கப்பல் உடனே கிடைக்கவில்லை. துறைமுகத் தொழிலாளர் தகராறு. நாளைக்கு, அடுத்த வாரத்துக்கு என்று தள்ளித் தள்ளி மாதங்களாகிவிட்டன. டிராமில் ஏறி ஊர் சுற்றினேன். ஒருநாள் நடத்துனரிடம், இறங்க வேண்டிய இடம் வந்தால் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். எந்த இடம் என்று சொல்ல நான் மறந்தேன். கேட்க அவரும் மறந்தார். டிராம் கடைசி வரை போய்த் திரும்பி, மறுபடி போய், மறுபடி திரும்பியது. மூன்றாம் முறை, "நீங்கள் இறங்க விரும்புகிற இடம் இன்னும் கட்டப்படவில்லை போலிருக்கிறது" என்றார்.

உருளைக்கிழங்கின் கொடுமை தாங்க முடியாமல் ஒரு மாலையில் ஆப்பம் சுடத் துணிந்தேன். அரிசிமாவு கடையில் கிடைத்தது. அவர்கள் அதில் பால் பாயசம் போல ஏதோ செய்வார்களாம். உலர்ந்த தேங்காய்த் துருவலும் கிடைத்தது. புளிக்க வைக்கக் கள் வேண்டும் என்றதும் திருமதி ஹாரிஸ் ஒரு பீர் புட்டியை நீட்டினாள். சைவக் குடும்பத்தில் பிறந்தவன் வெலிங்டனில் பீர் ஊற்றி ஆப்பம் சுடுவான் என்று எந்த ஜோசியரும் சொல்லியிருக்க முடியாது. நிலக்கரி அடுப்பில் இரும்புச் சட்டியை வைத்து மாவை ஊற்றிச் சுழற்றினேன். ஓரம் மொறுமொறுவென்று எழுந்தது. நடுவில் குமிழ்கள் கண் திறந்தன. என் கண் கலங்கியது.

அப்போது வீடு நடக்கத் தொடங்கியது.

பாறசாலையில் வந்தது தும்மல் என்றால் இது பேயாட்டம். பலகைகள் கிறீச்சிட்டன. தட்டுகள் அலமாரியில் கும்மியடித்தன. திருமதி ஹாரிஸ் என் கோட்டைப் பற்றிக் கதவு நிலைக்கு இழுத்தாள். ஆப்பம் வேகவில்லை என்று நான் வாதாடினேன். வாதம் முடிவதற்குள் கூரைமேல் ஏதோ உருண்டது. புகைபோக்கியின் செங்கற்கள் அதன் குழாய் வழியாகவே இறங்கி அடுப்பில் விழுந்தன. கரி ஒரு மேகமாக எழுந்து எங்கள் இருவரையும் ஒரே நிறமாக்கியது.

ஆட்டம் நின்றது. வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. பலகையும் ஆணியும் வளைந்து கொடுத்துவிட்டுப் பழையபடி நிமிர்ந்துகொண்டன. இரண்டு நாட்கள் நான் செலவழித்த இரக்கத்தை வாபஸ் வாங்கினேன். தெருவில் பல புகைபோக்கிகள் விழுந்திருந்தன. ஆள் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அதே ஆட்டம் எங்கள் பகுதியில் வந்திருந்தால் என்ன மிஞ்சியிருக்கும் என்று வீடு வீடாக மனதில் எண்ணிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

அக்கம்பக்கத்தவர்கள் ஏணியோடும் விளக்கோடும் வந்தார்கள். யாரும் கத்தவில்லை. ஒருவர் அடுப்புத் தீயை அணைத்தார், ஒருவர் கூரைமேல் தார்ப்பாய் கட்டினார், ஒருவர் தேநீர் போட்டார். எல்லோரும் ஏற்கெனவே ஒத்திகை பார்த்தவர்கள் போல இருந்தார்கள். பார்த்தவர்கள்தான், பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுப்பார்களாம். அரைவேக்காட்டு ஆப்பத்தைக் கரியைத் தட்டிவிட்டுச் சாப்பிட்டுப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், இந்தியாவில் இது இப்படித்தான் இருக்குமா என்று மரியாதையாகக் கேட்டார்.

இரண்டு நாளில் ஒரு இளைஞன் அளவுநாடாவோடு வந்தான். அந்தத் தேசத்தில் வீட்டுக்குத் தீ இன்சூரன்ஸ் எடுத்தால் நிலநடுக்கமும் அதோடு சேர்ந்தே வருமாம். அதற்கென்று சர்க்காரில் தனி ஏற்பாடு. எப்போது விழுந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டான். எனக்குப் பொறுக்கவில்லை.

"நிலம் நடுங்கியது என்று யார் சான்று தருவார்கள்?" என்று கேட்டேன்.

அவன் என்னை ஏறிட்டுப் பார்த்தான். காதோரத்தில் இன்னும் கரி இருந்திருக்க வேண்டும்.

"ஐயா, அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

"அடுப்பின் முன்னால்."

"நடுங்கியதா?"

"நடுங்கியது."

"போதும்."

இடிந்ததை அப்படியே வைத்திருக்க வேண்டாமா என்றேன். "எதற்கு? கால் இடறும்" என்றான். திருமதி ஹாரிஸ் ஏற்கெனவே செங்கற்களைக் கூட்டி அள்ளித் தோட்டத்தில் அடுக்கியிருந்தாள். மகசருக்கு முன்பே சம்பவ இடத்தைக் கலைத்த குற்றவாளி அவனுக்குத் தேநீர் ஊற்றினாள், அவனும் குடித்தான். செங்கல்லுக்குப் பதில் இந்த முறை இரும்புக் குழாய் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த ஆட்டத்தில் விழாது என்று சொல்லிவிட்டுப் போனான். கொல்லன் வர ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரமும் சர்க்கார் அழிந்துவிட்டது, தேசம் நாசமாகிவிட்டது என்று திருமதி ஹாரிஸ் திட்டிய திட்டு இருக்கிறதே. நான் சிரித்த சிரிப்பில் அவளுக்குக் கோபம் வந்து, அன்று மறுபடி எலும்பு சூப்.

சிரிப்பு அதிக நாள் நிற்கவில்லை. தங்கையன் முதலாளியின் விமானத் தபால் வந்தது. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் கிளர்ச்சிக்காரர்களைப் போலீஸ் சுட்டுவிட்டது, நம் பிள்ளைகள் செத்துப்போனார்கள், ஊரில் யாரும் யாரோடும் பேசுவதில்லை என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: மழை பிடித்துக்கொண்டது, செல்லம்மை அடுப்புக்குமேல் ஓலைக்குடை பிடித்துச் சுடுகிறாள், சாயாக் கடை ஒன்று ரொட்டிக்கு மாறிவிட்டது, மண்ணை இன்னும் தொடவில்லை. அன்று மாலை புதிய இரும்புப் புகைபோக்கி நன்றாகப் புகை இழுத்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் வெளியே போய்க் காற்றில் நின்றேன்.

புரட்டாசியில் ஊர் வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் சந்திக்குச் சந்தி போலீஸ். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அடுத்த வளவுக்குத்தான் முதலில் போனேன்.

சுவர் நின்றது.

பழைய மண் குவியல் அப்படியே கிடக்க, அதற்கு உள்ளே ஒரு முழம் தள்ளிப் புதிய வெட்டுகல் சுவர். ஆனால் இப்படி ஒரு சுவரை நான் எந்தத் தேசத்திலும் பார்த்ததில்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் ஒழுங்காக வந்து, நடுவில் ஒன்றையொன்று சந்திக்காமல், ஒரு சாண் விலகி முன்னும் பின்னுமாக நின்றது.

கூடவே வந்த தங்கையன் முதலாளிதான் கதையைச் சொன்னார். மாகாணங்களைப் பிரிப்பது பற்றி விசாரிக்க டில்லியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், கிராமம் கிராமமாகப் பார்ப்பார்கள் என்று ஒரு பேச்சு. உடனே இரண்டு கட்சியும் ஒரே நாளில் செல்லம்மை வீட்டுக்கு வந்துவிட்டன. தமிழர் படும் பாட்டைக் காட்ட ஒரு கட்சி, இங்கே எல்லாரும் சுகம் என்று காட்ட மற்றது. நல்ல மழை. இவள் ஓலைக்குடையும் கரண்டியுமாக அடுப்பின் முன்னால். இருதரப்பும் பேச ஆரம்பித்திருக்கிறார்கள்.

"அப்போ அவ என்ன சொன்னாண்ணு கேளும்" என்றார் முதலாளி. "'எலே, நனைஞ்சுகிட்டுப் பேச்சு கேக்க எனக்கு ஏலாது. பேசுதவன் ஆளுக்கொரு கல்லு எடுத்துட்டு வா, அப்புறம் பேசு'ண்ணு சொல்லிட்டா."

ஒரு கட்சி கல் கொண்டுவந்தால் மற்றது சும்மா இருக்குமா. தமிழ்க் கட்சி கிணற்றோரத்திலிருந்து கயிறு பிடித்துக் கட்ட ஆரம்பித்தது. மறுகட்சி பலாமரத்தோரத்திலிருந்து ஆரம்பித்தது. எதிர்க்கட்சியின் கயிற்றைப் பார்த்துத் தன் கயிற்றைத் திருத்துவது இருவருக்கும் கௌரவக் குறைச்சல். யார் முதலில் நடுவுக்கு வருவது என்று மழையில் ஓடி ஓடிக் கல் சுமந்திருக்கிறார்கள். ஆப்பம் மட்டும் இருவருக்கும் ஒரே சட்டியிலிருந்து போயிருக்கிறது. இருட்டுவதற்குள் சுவர் முடிந்தது, சந்திக்காமல். டில்லிக்காரர்கள் எங்கள் வழியே வரவே இல்லை.

இடைவெளியை என்ன செய்தாய் என்று செல்லம்மையிடம் கேட்டேன். உள்ளே கூப்பிட்டுக் காட்டினாள். அந்த விலகலைக் களிமண்ணால் அடைத்து ஒரு மாடமாக்கியிருந்தாள். உப்பு மரவையும் தீப்பெட்டியும் அதில் இருந்தன.

"கை எட்டுத இடத்துல அமைஞ்சு போச்சு அண்ணாச்சி. நெனைச்சுக் கட்டினாலும் இப்படி வராது."

வெலிங்டன் இளைஞன் அவளைப் பார்த்திருந்தால் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டிருப்பான். நிலம் நடுங்கியதற்குச் சான்று தேடிக்கொண்டிராமல் எது விழுந்தது என்று பார்க்கிற புத்தி அவர்களுக்கு முன்கூட்டியே எழுதி வைத்த ஏற்பாடாக வந்திருக்கிறது. நமக்கு அது மழையில், திட்டு வாங்கிய பிறகு, ஒரு கட்சியைத் தோற்கடிக்க இன்னொரு கட்சிக்கு வருகிறது. எப்படியோ இரண்டு தேசத்திலும் அடுப்பு எரிந்தது. ஆனால் அங்கே அது ஒரு வாரத்தில் எரிந்தது. இங்கே ஒரு மழைக்காலமும் ஒரு சாயாக் கடையும் போன பிறகு எரிந்தது.

இனி அந்த மண் குவியலை எடுத்துவிடலாமே என்றேன்.

செல்லம்மை என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "எப்படி எடுப்பேன்? சர்க்காரு வந்து பாக்காண்டாமா? எனக்க மனு அங்க கெடக்குல்லா."

கச்சேரியில் பிழைத்த எனக்கே அந்த விசுவாசம் வெட்கமூட்டியது. விதியை எழுதியவர்கள் பார்த்திருந்தால் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பார்கள். நினைவூட்டல் மனுக்கள் அனுப்பினேன். வெலிங்டன் நடைமுறையை மேற்கோள் காட்டி ஒன்று எழுதினேன். பார்வத்தியகாரர் அவ்வப்போது வந்து குவியல் கலையாமல் இருக்கிறதா என்று பார்த்து, திருப்தியோடு ஆப்பம் சாப்பிட்டுப் போவார். அடுத்த மழையில் குவியலின்மேல் பூசணிக் கொடி ஏறியது. பூசணி சம்பவ இடத்தைக் கலைத்ததாகுமா என்று எங்களுக்குள் ஒரு விவாதம். கொடி மேலே படர்கிறது, மண்ணை நகர்த்தவில்லை என்று நான் தீர்ப்புச் சொன்னேன். காயை அவள் விற்றுக்கொண்டாள்.

ஒருவழியாகத் தேசப்படம் மாறியது. விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தெற்குத் தாலுக்காக்கள் சென்னை மாகாணத்துக்குப் போயின. எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுக்கா இந்த மலையாளப் பக்கமே நின்றுவிட்டது. மாற்றம் நடப்புக்கு வந்த காலையில் பனச்சமூட்டுச் சந்தியில் ஒரு பக்கம் வெடி வெடித்தார்கள். இன்னொரு பக்கம் சிலர் பேசாமல் நின்றார்கள். பேசாமல் நின்றவர்களில் நானும் ஒருவன். நேற்றுவரை உறவு கொண்டாட நடந்து போன வீடு இன்று வேறு மாகாணம். செல்லம்மை விடியுமுன்பே கூடுதல் மாவு கரைத்திருந்தாள். வெடித்தவர்களும் பேசாதவர்களும் அவள் ஆப்பத்தைத்தான் தின்றார்கள்.

நான் வீடு திரும்பியபோது தபால்காரர் காத்திருந்தார். மேலிடத்துக் கவர். பழைய மாகாணத்தின் பெயர் அச்சிட்ட காகிதம், சுத்தமான மலையாளம். அதை எடுத்துக்கொண்டு செல்லம்மையின் அடுக்களைக்குப் போய் வாசித்துக் காட்டினேன். மனுவில் கண்ட நில அதிர்ச்சி குறித்து மேல்நடவடிக்கை எடுக்கும் பொருட்டு, மேற்படி அதிர்ச்சி தற்போதும் நீடிக்கிறதா என்பதைத் திரும்பு தபாலில் தெரிவிக்கவும்.

செல்லம்மை சட்டியை இறக்கி வைத்தாள். வாசலுக்கு வெளியே, ஒரு ராத்திரியில் வேறு மாகாணமாகிவிட்ட தெற்குப் பக்கத்தைச் சற்று நேரம் பார்த்தாள். அவளுடைய மூத்த மகளைக் கட்டிக்கொடுத்திருப்பது அங்கேதான்.

"உண்டுண்ணு எழுதும் அண்ணாச்சி" என்றாள். "பொய்யில்லியே."

பழக்கதோஷம், எந்தக் கடிதமானாலும் மூலையில் அது கைக்கு வந்த நாளைக் குறித்துவிட்டுத்தான் பதில் எழுதுவேன். அவளுடைய உப்பு மாடத்தின்மேல் காகிதத்தை வைத்துக் குறித்தேன்: 1956 நவம்பர் 1.